போலீஸைப் பார்க்கும், டிராக்டரைப் பார்க்காது

எதிரே வரும் லாரிக்காரர் இரண்டு முறை ஹெட்லைட்டை மினுக்கினால் அடுத்த திருப்பத்தில் போலீஸ் நிற்கிறது என்று பொருள். நம் சாலைகளில் இது ஓட்டுநர்களுக்குள் பழகிப்போன உபகாரம். இப்போது அந்த வேலையைக் கருவிகள் எடுத்துக்கொண்டுவிட்டன. வேகக் கேமரா இருக்கும் இடத்தைக் கூகுள் மேப்ஸ் சொல்லிவிடுகிறது. வெளிநாடுகளில் பல காலமாக விற்கும் ரேடார் டிடெக்டர், காவலரின் ஸ்பீடு கன் வீசும் அலையை மோப்பம் பிடித்து 'பீப்' அடிக்கிறது. ஹெல்மெட்டுக்குள் காற்றிரைச்சலில் அது கேட்காது. அதனால் பைக் ஓட்டுபவர்கள் அதைப் புளூடூத் ஹெட்செட்டில் இணைத்துக்கொள்கிறார்கள். கார்க்காரர்களிலும் சிலர் அப்படியே செய்கிறார்கள்.

இது தகுமா? தகாது. அபராதம் விழுமா விழாதா என்பது வேறு கணக்கு. மாட்டிக்கொள்ளாமல் வேகமாகப் போவதற்கென்றே காதில் ஒரு கருவியைச் செருகிக்கொள்வது, மற்றவர் உயிரை வைத்து ஆடும் ஆட்டம்.

சேலம்–உளுந்தூர்பேட்டை நெடுஞ்சாலையைத் தெரிந்தவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது. ஆத்தூர், சின்னசேலம், கள்ளக்குறிச்சி, தியாகதுருகம் என்று ஊர் ஊராகச் சுற்றிப் போகும் அந்தச் சாலையில், புறவழிச்சாலைகள் பல ஆண்டுகள் இருவழியாகவே கிடந்தன. நான்குவழியில் பறந்து வந்த வண்டி சட்டென்று இருவழிக்குள் நுழையும். எதிரே இன்னொன்று வரும். இந்த வட்டாரத்தில் மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் இருக்கின்றன. அரவைக் காலத்தில் இரவு நேரம் கரும்பு டிராக்டர்கள் வரிசையாக ஊர்ந்துபோகும். டிரெய்லரின் பக்கவாட்டில் கரும்புத் தோகை தொங்கும், பின்விளக்கு இருந்தால் அதிர்ஷ்டம். ரேடார் டிடெக்டர் போலீஸைப் பார்க்கும்; அந்த டிராக்டரைப் பார்க்காது. கோமுகி அணையைத் தாண்டிக் கல்வராயன் மலை ஏறும்போது, கொண்டை ஊசி வளைவில் தலையில் விறகோடு இறங்கி வரும் பெண்ணையும் பார்க்காது. வண்டி ஓட்டுகிறவனுக்கு எது ஆபத்தோ அதை மட்டும் அது சொல்லும். ஓட்டுகிறவனால் யாருக்கு ஆபத்து என்பது அதன் கணக்கிலேயே இல்லை.

தமிழ் மரபு இந்த விஷயத்தில் தயக்கமே இல்லாமல் பேசியிருக்கிறது. அகநானூற்றின் நான்காம் பாட்டில் வரும் தலைவன், பூவில் தேன் குடிக்கும் வண்டுகள் மிரளக்கூடாதென்று தேர்மணியின் நாக்கைக் கட்டிவிட்டு ஓட்டுகிறான். வழியில் இருக்கும் சின்னஞ்சிறு உயிருக்காகத் தன் வண்டியின் ஒலியை அடக்கியவன் அவன். நம் காலத்து ஓட்டுநரோ தன் காதுக்கு மட்டும் ஒலியைக் கொண்டுவருகிறார். சோழ இளவரசனின் தேர்க்காலில் கன்று சிக்கிய கதையைச் சிலப்பதிகாரமும் பெரியபுராணமும் சொல்கின்றன. கன்று ஓடி வந்ததை இளவரசன் கவனிக்கவில்லை. அந்தத் தெருவில் காவலன் நின்றானா, யாராவது பார்த்தார்களா என்று மனுநீதிச் சோழன் விசாரிக்கவில்லை. பசு அடித்த மணி ஒன்றே அவனுக்குப் போதுமானதாக இருந்தது.

சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவு எடுத்த காதையில் இன்னொரு காவலாளி வருகிறது: புகாரின் நாற்சந்தியில் நிற்கும் சதுக்கப் பூதம். பொய்ச்சாட்சி சொல்பவரையும் மறைவில் தீமை செய்பவரையும் பாசக்கயிற்றால் கட்டிப் பிடிப்பேன் என்று அது நான்கு காதம் கேட்கும்படி குரல் எழுப்புமாம். முதலில் அறிவிப்பு, பிறகுதான் பிடி. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021 ஆகஸ்டில் சேர்ந்த 167ஏ விதியும் ஏறக்குறைய இதைத்தான் சொல்கிறது: கேமரா கண்காணிக்கும் பகுதிக்கு முன்பே எச்சரிக்கைப் பலகை வைக்க வேண்டும். ஆக, சட்டம் ஒளிந்து நிற்கவில்லை. பலகை எல்லாரையும் ஒன்றுபோல எச்சரித்து மெதுவாகப் போகச் சொல்கிறது. காதுக்குள் அடிக்கும் 'பீப்', இங்கே மட்டும் மெதுவாகப் போ, மற்ற இடத்தில் உன் இஷ்டம் என்கிறது.

வள்ளுவர் கூடாவொழுக்கம் என்று ஓர் அதிகாரமே வகுத்தார். வஞ்சக நெஞ்சுக்காரனைப் பார்த்து அவன் உடம்பிலுள்ள ஐம்பூதங்களே உள்ளுக்குள் சிரிக்கும் என்பது அதன் முதல் குறளின் கருத்து. கேமரா முன்னால் அறுபதிலும் அதைத் தாண்டியதும் நூற்றிருபதிலும் போகிறவருக்கு இது அப்படியே பொருந்தும்.

மறுதரப்பிலும் ஒரு வாதம் உண்டு. சில இடங்களில் பலகையே இல்லாமல் மறைவில் நின்று வண்டி பிடிப்பதும், வேக வரம்பு எவ்வளவு என்றே தெரியாத சாலையில் இ-சலான் வந்து விழுவதும் நியாயமில்லை. அதற்கு வழி பலகை கேட்டுப் போராடுவதும் சலானை எதிர்த்து முறையிடுவதும்தான்.

கணக்கும் அறத்தின் பக்கமே நிற்கிறது. மத்திய அரசின் அறிக்கைப்படி 2022இல் நாட்டில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அந்த இறப்புகளில் எழுபது சதவீதத்துக்கு மேல் அதிவேகத்தின் கணக்கில் வருகிறது. அந்த ஆண்டு விபத்து எண்ணிக்கையில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு: 64,105. சராசரி வேகம் ஒரு சதவீதம் கூடினால் உயிர்ப்பலி விபத்துக்கான அபாயம் நான்கு சதவீதம் கூடுகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். நூறு கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு நொடியில் 28 மீட்டர் ஓடிவிடும். 'பீப்' சத்தம் என்னவென்று மூளை யோசிக்கும் நேரம் அது.

ஹெட்செட் தன் பங்குக்கு வேறு கெடுதல் செய்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டத்தின் 184ஆம் பிரிவு, கையில் பிடித்த கருவியைத் தடுக்கிறது. காதில் இருப்பதைப் பற்றி அவ்வளவு தெளிவாகப் பேசவில்லை. ஆனால் கை சும்மா இருந்தாலும் மனம் சும்மா இருப்பதில்லை. யூட்டா பல்கலைக்கழக உளவியலாளர் டேவிட் ஸ்ட்ரேயரும் அவரது குழுவினரும் 2000களின் தொடக்கத்தில் செய்த சோதனைகளில், கையில் தொடாமல் போனில் பேசிக்கொண்டு ஓட்டியவர்கள் கண்ணெதிரே இருந்ததையே பதிவு செய்யத் தவறினார்கள். ரேடார் டிடெக்டரையோ சில நாடுகள் சட்டத்தாலேயே தடுக்கின்றன. பிரான்ஸ் அதைத் தடை செய்து பல பத்தாண்டுகள் ஆகின்றன. ஜெர்மனியில் ஓட்டும்போது அதைப் பயன்படுத்தக் கூடாது. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்திலும் தடை உண்டு.

கண்காணிப்பு தோற்றால் என்ன நடக்கும் என்பதைக் கள்ளக்குறிச்சி இரண்டாம் முறை கற்க வேண்டியதில்லை. 2024 ஜூனில் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நகரின் நடுவே, காவல் நிலையத்துக்குப் பக்கத்திலேயே அது விற்கப்பட்டது. மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். நவம்பரில் வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் சிபிஐக்கு மாற்றியது. சாராயமும் வேகமும் ஒன்றல்ல என்பது உண்மைதான். ஆனால் காவலின் கண்ணுக்குத் தப்புவதையே சாமர்த்தியமாகக் கொண்டாடும் ஊரில், அந்தச் சாமர்த்தியத்துக்கு விலை கொடுப்பவர் யாரோ ஓர் ஏழையாகத்தான் இருக்கிறார்.

ஆகவே வார இறுதியில் கல்வராயன் மலையின் மேகம் அருவிக்கும் பெரியார் அருவிக்கும் கூட்டமாகப் புறப்படும் பைக் இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். கச்சிராயபாளையத்தில் டீ குடிக்க நிறுத்தும்போது ஹெட்செட்டைக் கழற்றிப் பையில் போட்டுவிடுங்கள். டிடெக்டர் வாங்கத் திட்டமிருந்தால் அந்தப் பணத்தில் நல்ல டயர் மாற்றிக்கொள்ளுங்கள். நெடுஞ்சாலைத் துறையும் காவல் துறையும் கேமரா வைக்கும் இடந்தோறும், விதி சொல்கிறபடி பலகை வைக்கட்டும்; அது தமிழில் பெரிய எழுத்தில் இருக்கட்டும்.