திருநந்தவனத்தில் ‘எனது’ என்னும் சொல்



சித்திரை ப்ரஹ்மோத்ஸவத்தை ஸேவிக்கத் தூர தேசங்களிலிருந்தெல்லாம் வந்து குழுமியிருக்கும் பாகவதர்களுக்கு அடியேனின் விண்ணப்பம். வாகனத்தில் எழுந்தருளும் எம்பெருமானின் திருமார்பில் விளங்கும் மாலையை நாம் அனைவரும் கண்குளிர ஸேவிக்கிறோம். ‘எத்தனை அழகான மாலை’ என்று வியக்கிறோம். அந்த மாலையின் ஒவ்வொரு மொட்டும் எந்தச் செடியில் மலர்ந்தது, அந்தச் செடிக்கு நீர் வார்த்தவர் யார் என்று கேட்பவர் அரிது. கேளாமலிருப்பதே நல்லதோ என்றுகூட அடியேனுக்குச் சில சமயம் தோன்றும். அந்தக் கேள்வியிலிருந்து எங்கள் திருநந்தவனத்தில் விளைந்த ஒரு விவகாரத்தைத்தான் இம்மலரில் எழுதத் துணிகிறேன்.

2019-ஆம் ஆண்டு ஆனி மாதம், ஸந்நிதிக்குப் பின்புறம் முள் மண்டிக் கிடந்த திருநந்தவனத்தைச் சீர்செய்ய ஊரில் உள்ள பெரியவர்களை அழைத்தோம். உத்யோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர்கள், பிள்ளைகள் வெளியூரில் இருப்பதால் வீட்டில் தனித்திருப்பவர்கள், பூ விற்றுப் பிழைத்து இப்போது கால் தளர்ந்துவிட்ட ஒரு அம்மாள் என்று பதினைந்து பேர் வந்தனர். ஞாயிறுதோறும் காலை, வெயில் ஏறுமுன் அரை மணி நேரம் தோட்டப் பேச்சு. பிறகு கைவேலை என்று ஏற்பாடு. பாடசாலையில் படித்த அடியேனுக்கு அக்காலத்தில் மண்ணைப் பற்றி என்ன தெரியும்? வராஹமிஹிரர் ப்ருஹத்ஸம்ஹிதையில் வ்ருக்ஷாயுர்வேதத்துக்கென்றே ஓர் அத்தியாயம் வைத்திருக்கிறார். மரத்துக்கும் மரத்துக்கும் இருபது முழம் இடைவெளி உத்தமம், பதினாறு மத்யமம், பன்னிரண்டுக்குக் குறையலாகாது என்கிறார். முதல் ஞாயிறு அதைச் சொல்லிப் பெருமிதமாக நின்றேன். பூ விற்ற அம்மாள் தோட்டத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, ‘சாமி, அந்தக் கணக்குக்கு நம்ம இடத்திலே ஒத்தை மகிழமரம்தானே நிக்கும்?’ என்றாள். ஒற்றை மகிழமரம்தான் வைத்தோம்.

அதற்குப் பிறகு பேச்சைப் பெரும்பாலும் அவர்களிடமே விட்டுவிட்டேன். அடியேன் கற்றது மிகுதி. மல்லிகையைக் கார்த்திகையில் முழங்காலளவுக்குக் கவாத்து செய்து, எஞ்சிய இலைகளையும் உருவிவிட்டு, எரு இட்டு நீர் பாய்ச்சினால்தான் பங்குனி, சித்திரையில் கொத்துக் கொத்தாகப் பூக்கும். வெட்ட மனமில்லாமல் விட்ட செடி கொடியாக ஓடி இலையாகவே நிற்கும். திருத்துழாயில் கதிர் வந்ததும் கிள்ளிவிட வேண்டும், இல்லையேல் செடி விரைவில் முதிர்ந்து பட்டுப்போகும். அரளியின் பால் நஞ்சு. அதை ஒடித்த கையைக் கழுவாமல் கண்ணைத் தொடலாகாது. பத்து லிட்டர் பூவாளி நிறைந்தால் பத்து கிலோவுக்கு மேல் கனக்கும். எழுபதைக் கடந்தவர்கள் பாதி நிரப்பி இரு நடை நடப்பதே இடுப்புக்கு நல்லது. முழங்கால் வலியுள்ளவர்களுக்காக இரண்டடி உயரத்தில் செங்கல் கட்டி மேட்டுப்பாத்தி அமைத்தோம். விளிம்பில் அமர்ந்தபடியே களை எடுக்கலாம். களைந்த மாலைகளை மக்கவைத்து எருவாக்கினோம். அப்போதுதான் வாழைநாரில் தொடுத்த மாலைக்கும் பிளாஸ்டிக் நூலில் கட்டிய மாலைக்கும் உள்ள பேதம் தெரிந்தது. முன்னது மண்ணோடு மண்ணாயிற்று. பின்னதன் நூல் அப்படியே கிடந்து களைக்கொத்தில் சுற்றிக்கொண்டது. இந்த மலரை வாசிப்பவர்களில் மாலை ஸமர்ப்பிக்க விரும்புவோர் இதை நினைவில் கொண்டால் உபகாரமாக இருக்கும்.

இனி விவகாரத்துக்கு வருகிறேன். சில மாதங்களில் வருகை குறைந்தது. அதைச் சரிசெய்ய அடியேனே ஒரு யுக்தி செய்தேன். ஒவ்வொருவருக்கும் ஒரு பாத்தி என்று பிரித்து, அவரவர் திருநாமம் எழுதிய சிறு பலகையை நட்டேன். பலன் வியக்கத்தக்கதாக இருந்தது. ஞாயிறு மட்டும் வந்தவர்கள் தினமும் வந்தார்கள். ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் தம் பாத்தியில் இருவாட்சி வைத்து, அதன் முதல் பூ பெருமாள் திருமார்பில் ஏறிய அன்று வாய்விட்டு அழுதார். இந்த யுக்தியைப் பற்றி அடியேன் உள்ளூர மகிழ்ந்ததையும் மறைப்பதற்கில்லை.

2020-ஆம் ஆண்டு பங்குனியில் நோய்த்தொற்றின் காரணமாகக் கோயில் வாசல்கள் பக்தர்களுக்கு அடைக்கப்பட்டன. நித்ய ஆராதனம் மட்டும் நடந்தது. பெரியவர்கள் எவரும் வருவதற்கில்லை. மோட்டார் பழுதாகி, சரிசெய்ய ஆளும் கிடைக்காத நாட்களில், அடியேன் ஒருவனே கிணற்றில் இறைத்து இரு குடங்களில் நீர் சுமந்தேன். எல்லாப் பாத்திக்கும் போதாது. ஒரு வாரம் கழித்துத்தான் ஒன்றைக் கவனித்தேன். மோட்டார் வாங்கிக் கொடுத்தவரின் பலகை நின்ற பாத்தி பசுமையாக இருந்தது. தினமும் தொலைபேசியில் விசாரிப்பவருடைய பாத்தியும் அப்படியே. பூ விற்ற அம்மாளின் பாத்தியில் திருத்துழாய் கருகியிருந்தது. அடியேன் செடியைப் பார்த்து நீர் வார்க்கவில்லை. பலகையைப் பார்த்து வார்த்திருக்கிறேன். திருத்துழாயின் பெருமையைப் பற்றி எத்தனை உபந்யாஸம் செய்த வாய் இது! அன்று மாலை அடியேனே எல்லாப் பலகைகளையும் பிடுங்கி மடைப்பள்ளிக்கு விறகாகக் கொடுத்துவிட்டேன்.

ஆவணியில் வாசல் திறந்தது. திரும்பி வந்தவர்களிடம், ‘இனி இது என் பாத்தி, அது உம் பாத்தி என்பதில்லை, எல்லாம் எம்பெருமானுடையது’ என்றேன். எல்லோரும் தலையசைத்தார்கள். தை பிறப்பதற்குள் பாதித் தோட்டம் காய்ந்தது. எல்லோருடைய செடிக்கும் ‘மற்றவர் ஊற்றியிருப்பார்’ என்று எல்லோரும் இருந்துவிட்டார்கள். கார்டு பெரியவர் வருவதையே நிறுத்திவிட்டார்.

ஆகவே கேள்வி இதுதான். ‘எனது’ என்ற எண்ணம் இருந்தால் தொண்டு மாசுபடுகிறது. அந்த எண்ணம் இல்லாவிட்டால் தொண்டே நடவாமல் போகிறது. இரண்டில் எதைத் தள்ளுவது?

நம் பூர்வர்களின் சரித்திரத்தைப் புரட்டினேன். உண்மையில் தோட்டப் பேச்சு என்பது நமக்குப் புதிதன்று. திருவரங்கத்தில் எம்பெருமானார் திருவாய்மொழியில் திருவேங்கடத்தைப் பற்றிய பதிகத்துக்குப் பொருள் அருளிச் செய்துகொண்டிருந்தபோது, அம்மலையில் நந்தவனம் அமைத்துப் புஷ்ப கைங்கர்யம் செய்வார் இங்கே எவரேனும் உண்டோ என்று கேட்டார் என்பது ஐதிஹ்யம். திருமலையின் குளிருக்கு அஞ்சி மற்றவர்கள் மௌனமாக இருக்க, அனந்தாழ்வான் ஒருவர் எழுந்தார். பேச்சு கேட்டவர்களில் ஒருவர் மண்வெட்டி எடுத்தார். அன்று அத்தனை போதுமானதாக இருந்தது. அவர் திருமலையில் ஏரி வெட்டி நந்தவனம் அமைத்து, அதற்கு ‘இராமாநுசன்’ என்று திருநாமம் சாற்றினார். அவரும் பலகை நட்டார் என்று கொள்ளலாம். ஆனால் அதில் இருந்தது ஆசார்யனின் பெயர்.

அந்த ஏரி வெட்டும்போது கர்ப்பிணியான தேவிகளுக்கு உதவியாக மண் சுமக்க ஒரு சிறுவன் வந்தான். ‘இது எங்கள் கைங்கர்யம், உனக்குப் பங்கில்லை’ என்று சினந்து அனந்தாழ்வான் கடப்பாரையை எறிய, அது சிறுவனின் மோவாயில் பட்டது. பிறகு ஸந்நிதியில் பார்த்தால் திருவேங்கடமுடையானின் மோவாயில் குருதி. அக்கடப்பாரை இன்றும் திருமலை மஹாத்வாரத்தில் இருக்கிறது. பெருமாளின் மோவாயில் பச்சைக் கற்பூரம் சாற்றுவதும் இதனால்தான் என்பர். இன்னொரு ஐதிஹ்யமும் உண்டு. இரவில் நந்தவனத்துக்கு வந்து பூப்பறித்த தம்பதிகளைக் கள்வர் என்று எண்ணிப் பிடிக்கப் போனார். பிராட்டி அகப்பட்டாள், பெருமாள் அப்ரதக்ஷிணமாக ஓடிப்போனார். ப்ரஹ்மோத்ஸவம் முடிந்த மறுநாள் பாக் ஸவாரி என்று மலையப்பன் அந்த நந்தவனத்துக்கு அப்ரதக்ஷிணமாக எழுந்தருள்வதைத் திருமலைக்குச் சென்றவர்களில் சிலர் ஸேவித்திருக்கக் கூடும்.

இவற்றை எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். இம்முறைதான் உறுத்தியது. யாருக்காகத் தோட்டமோ அவனையே கள்வன் என்று துரத்தியவருக்கு ‘எனது’ என்ற எண்ணம் இல்லை என்று எப்படிச் சொல்வது? ஆயினும் ஆசார்யர்கள் எவரும் அவரைக் குறை கூறவில்லை, கொண்டாடுகிறார்கள்.

விடை கீதாபாஷ்யத்தில் கிடைத்தது. 18-ஆம் அத்தியாயத்தில் த்யாகம் மூவகை என்று வருமிடத்தில், பலனைப் பற்றிய த்யாகம், கர்மத்தைப் பற்றிய த்யாகம், கர்த்ருத்வத்தைப் பற்றிய த்யாகம் என்று பாஷ்யகாரர் பிரித்துக் காட்டுகிறார். பலன் எனக்கு என்று கொள்ளாமை; இது எனக்குப் பலன் தரும் என் கர்மம் என்ற மமதையை விடுதல்; நானே ஸ்வதந்த்ரமாகச் செய்கிறேன் என்று எண்ணாமை. மூன்றிலும் செயலை விடச் சொல்லவில்லை. மாறாக, செய்ய வேண்டிய கர்மத்தை மயக்கத்தால் விடுவது தாமஸ த்யாகம் என்றும், உடலுக்கு வருத்தம் என்று விடுவது ராஜஸ த்யாகம் என்றும் கண்ணனே அங்கு சொல்கிறான். பலகை நின்ற தோட்டத்தில் நாங்கள் மமதையை வளர்த்தோம். பலகை போன தோட்டத்தில், ‘என்னுடையதன்று’ என்று வேதாந்தம் பேசித் தாமஸ த்யாகம் செய்தோம். அனந்தாழ்வான் சிறுவனுக்குக் கொடுக்க மறுத்தது சுமையில் ஒரு பங்கையே. பூவில் பங்கு கேட்டவர் அல்லர் அவர். ‘இந்தப் பாரம் என்னுடையது’ என்பது வேறு, ‘இந்தப் பூ என்னுடையது’ என்பது வேறு.

இந்த பேதம் எனக்குப் புதியதாக இருந்திருக்கக் கூடாது. அர்ச்சகர்களாகிய நாங்கள் முறை வைத்துக்கொண்டுதான் பெருமாளைத் தொட்டு ஆராதிக்கிறோம். என் முறை நடக்கும் நாட்களில் திருவிளக்கு அணைந்தால் அது என் குற்றம். வேறு எவரையும் கை காட்ட முடியாது. ஆனால் ஸந்நிதி என்னுடையதன்று. முறை முடிந்ததும் திறவுகோலைக் கொடுத்துவிட்டுப் போகிறேன். ஆகவே திருநந்தவனத்துக்கும் பாத்தி வைக்காமல் முறை வைத்தோம். திங்கட்கிழமை இன்னார் இருவர், செவ்வாய் இன்னார் இருவர். அன்று தோட்டம் முழுவதும் அவர்கள் பொறுப்பு. காய்ந்தால் அவர்களைக் கேட்பேன்.

கார்டு பெரியவரை அழைத்து வர அவர் அகத்துக்குப் போனேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ‘ஸ்வாமி, பாத்தி இருந்தபோது ஒவ்வொரு இலையையும் எனக்கு முகம் தெரியும். முறை வைத்தால் தோட்டம் பிழைக்கும், ஒப்புக்கொள்கிறேன். செடியோடு பழக்கம் போய்விடுமே’ என்றார். அது உண்மை. மறுக்க என்னிடம் சொல் இல்லை. பிறகு தயங்கிக் கேட்டார்: ‘என் செடிப் பூ என்று தெரிந்ததால்தான் அன்று பெருமாளைப் பார்த்ததும் அழுகை வந்தது. அந்த அழுகை தவறா?’

உடனே பதில் சொல்ல இயலவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் திருத்துழாய்ச் செடியின் அடியில் கிடைத்த குழந்தையைத் தம் மகள் என்றுதானே பெரியாழ்வார் வளர்த்தார்? திருவரங்கத்தில் தொண்டரடிப்பொடியாழ்வார் கையில் பூக்குடலையோடுதானே இன்றும் எழுந்தருளியிருக்கிறார்? அன்பு ஒரு பொருளைப் பற்றிக்கொண்டுதான் வளரும் போலும். யோசித்துச் சொன்னேன்: ‘அழுதது தவறன்று. அடுத்த நாள் பக்கத்துப் பாத்தி நந்தியாவட்டை திருமார்பில் ஏறியபோது என்ன வந்தது என்று தேவரீரே பார்த்துக்கொள்ளும்.’

அவர் சிரிக்கவில்லை. வெகு நேரம் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ‘அன்று ஸேவிக்கவே வரவில்லை, ஸ்வாமி’ என்றார். அடியேனும், பலகை பார்த்து நீர் ஊற்றிய கதையை முதன்முதலாக அவரிடம்தான் சொன்னேன்.

இப்போது அவருக்கு வியாழக்கிழமை முறை. உடன் பூ விற்ற அம்மாள். கண் மங்கியதால் அவரால் மொட்டைக் காண முடிவதில்லை, அம்மாளால் குனிய முடிவதில்லை. அவள் கைகாட்டுகிறாள், இவர் தடவிப் பறிக்கிறார். சென்ற கார்த்திகையில் மல்லிகையைக் கவாத்து செய்ய மற்றவர்கள் தயங்கி நின்றபோது, கத்தரிக்கோலை வாங்கி முதலில் வெட்டியவர் அவரே. தாம் வைத்த இருவாட்சியின் அருகே வந்ததும் சற்று நின்றார். பிறகு அதையும் வெட்டினார்.

உத்ஸவ நாட்களில் உள்ளூர்ப் பூ போதாது. சந்தையிலிருந்தும் வாங்குகிறோம் என்பதை ஒளிக்கவில்லை. ஆயினும் கருடஸேவையன்று சாற்றும் திருத்துழாய் மாலை முழுவதும் இத்தோட்டத்தது. யாத்ரிகர்கள் திருநந்தவனத்தைக் காண விரும்பினால் மடைப்பள்ளியை ஒட்டிய சிறு வாசல் வழியே வரலாம். காலை ஆறு மணி முதல் எட்டு மணி வரை முறைக்காரர்கள் இருப்பார்கள். பூவாளிகள் வாசலருகே வைக்கப்பட்டிருக்கின்றன. பாதி மட்டும் நிரப்பவும்.