இரண்டு குழல், ஒரு காட்சி

பைனாகுலர் என்று ஒரு பெயர் சொன்னாலும் அதற்குள் இருப்பவை இரண்டு தொலைநோக்கிகள். இரண்டும் இம்மியும் பிசகாமல் ஒரே திசையைப் பார்த்தாக வேண்டும். இந்த ஒழுங்குக்குத்தான் கொலிமேஷன் என்று பெயர். ஒருமுறை கைதவறி விழுந்தால் போதும், உள்ளே இருக்கும் முப்பட்டகம் மயிரிழை நகர்ந்துவிடும். அந்த மயிரிழைப் பிசகையும் பெருக்கித்தான் கண்ணுக்குக் கொடுக்கும் கருவி.

வேடிக்கை என்னவென்றால், பல நேரம் நமக்கு அது தெரியவே தெரியாது. விலகிய இரண்டு படங்களையும் மூளை இழுத்துப் பிடித்து ஒன்றாக்கிவிடும். கண்கள் மூக்குப் பக்கம் திரும்பப் பழகியவை. அந்தத் திசைப் பிசகை ஓரளவு பொறுத்துக்கொள்ளும். வெளிப்பக்கம் விலகச் சொன்னால் திணறும். ஒன்று மேலே, ஒன்று கீழே என்றால் தாங்கவே தாங்காது. மூளை ஒன்றாக்கிவிட்டால் காட்சி என்னவோ ஒன்றுதான். ஆனால் கொஞ்ச நேரத்தில் தலை வலிக்கும். பழுதை மூடி மறைத்ததற்கான கூலி அது. இரவில் ஒரு நட்சத்திரத்தைப் பிடித்து, கண்களை மூடித் திறந்து பாருங்கள். திறந்த நொடியில் இரண்டு புள்ளிகள் தோன்றி, பிறகு நழுவி ஒன்று சேர்ந்தால் குழல்களில் பிசகு உண்டு என்று சந்தேகிக்கலாம்.

பிசகே இல்லாத 8 மடங்கு பைனாகுலரில், 2 மீட்டர் தள்ளி இலைமேல் உட்கார்ந்திருக்கும் வண்ணத்துப்பூச்சியைப் பார்த்தால் இன்னொரு கூத்து. சிறகின் நரம்புகூடத் தெரியும். ஆனால் காட்சி வட்டம் இரண்டாகப் பிரியும், ஒரு கண்ணை மூடிக்கொள்ளலாமா என்று தோன்றும். எட்டு மடங்கு கிட்டே வந்த பூச்சி இப்போது 25 சென்டிமீட்டரில், புத்தகம் படிக்கும் தூரத்தில் இருப்பதற்குச் சமம். கண்கள் அந்த அளவுக்கு உள்ளே திரும்ப வேண்டும். குழல்களோ அடிவானத்தையே பார்த்து விறைத்து நிற்கின்றன. முன்வில்லைகள் அகன்று நிற்கும் பழைய போரோ வகையில் தொல்லை இன்னும் அதிகம்.

பென்டாக்ஸ் பெயரில் வந்த பாப்பிலியோ பைனாகுலர் இதற்கென்றே செய்யப்பட்டது. கிட்டத்தில் குவிக்கக் குவிக்க, அதன் முன்வில்லைகள் ஒன்றையொன்று நெருங்கும். அரை மீட்டரில் இருக்கும் பூச்சியும் ஒரே படமாக நிற்கும். வில்லை 21 மி.மீ.தான் என்பதால் அந்தி வெளிச்சத்துக்கு அவ்வளவாக ஆகாது, போகட்டும்.

தூரத்துக்கு ஒழுங்கு என்றால் இணையாக நிற்பது. பக்கத்துக்கு ஒழுங்கு என்றால் ஒன்றின் பக்கம் ஒன்று சாய்வது. சாய மறுத்தால் பூச்சி இரண்டாகும். சாய்ந்தபடியே நின்றுவிட்டால் நட்சத்திரம் இரண்டாகும். இரண்டுக்கும் பொருந்தும் ஒரே நிலை நம் கண்களுக்கே இல்லை. பார்ப்பது எதுவோ அதற்கேற்ப அவை திரும்பிக்கொண்டே இருக்கின்றன.

அதனால், பக்கத்துச் செடி இரட்டையாகத் தெரிகிறதே என்று திருப்புளியைத் தேடாதீர்கள். முதலில் தொலைவில் உள்ள செல்போன் கோபுரத்தின் உச்சியைப் பாருங்கள். கண்களை மூடித் திறந்த நொடியிலேயே, சிரமமில்லாமல் அது ஒன்றாகத் தெரிந்தால், குழல்களில் கை வைக்க வேண்டியதில்லை.