வெற்று மாத்திரையும் அகிம்சையும்

உணவு, அடைக்கலம், மருந்து, கல்வி என்னும் நால்வகைத் தானங்களை நம் இல்லங்களில் குழந்தைகளும் அறிவர். அவற்றுள் மருந்துத் தானம் குறித்து அண்மையில் எழுந்த ஓர் ஐயத்தை அன்பர்கள் முன் வைக்கிறோம்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் வாழும் நம் முன்னாள் மாணவி ஒருவரின் தந்தைக்கு அரியதோர் இதய நோய். கல்லீரலில் உருவாகும் டிரான்ஸ்தைரெட்டின் என்னும் புரதம் உருக்குலைந்து இதயத் தசையில் படிகிறது. தசை விறைத்து மூச்சு வாங்குகிறது. மருத்துவர் பரிந்துரைத்த மருந்து டஃபாமிடிஸ். அதன் சோதனை முடிவு 2018இல் வெளியாயிற்று. 441 நோயாளருள் 264 பேருக்கு மருந்தும், 177 பேருக்கு மருந்தற்ற வெற்று மாத்திரையும் கொடுத்தனர். எவருக்கு எது என்பதை நோயாளரும் அறியார்; மருத்துவரும் அறியார். 30 மாதங்களில் மருந்து பெற்றோருள் நூற்றுக்கு ஏறத்தாழ 30 பேரும், பெறாதோருள் 43 பேரும் மாண்டனர்.

“வெற்று மாத்திரை கொடுத்தது கொலையாகாதா, டீச்சர்? இம்மருந்தை அப்பாவுக்குக் கொடுக்க மனம் கூசுகிறது” என்றார் மாணவி. உடனே விடை கூற நம்மால் இயலவில்லை.

ஆசிரியப் பயிற்சியில் கற்றது நினைவுக்கு வந்தது. புதிய கற்பித்தல் முறை சிறந்ததா என்றறிய, ஒரு பிரிவுக்குப் புதிய முறையிலும் மற்றொன்றுக்குப் பழைய முறையிலும் பாடம் நடத்தி ஒப்பிடவேண்டும். இராஜபாளையத்தில் பணியாற்றியபோது அவ்வாறே செய்தோம். ஒப்பீடு இல்லையேல் நம் விருப்பமே முடிவாகிவிடும். ஆனால், பின்தங்கிய மாணவருக்கு மறுபருவத்தில் ஈடுசெய்யலாம். போன உயிருக்கு ஈடேது?

கவனமின்மையும் ஆசையுமே இம்சையின் வேர் என்பது நம் அறநெறி. அம்மருந்து காக்குமா, கெடுக்குமா என்பது சோதனைக்கு முன் எவருக்கும் உறுதியாகத் தெரியாது. அறியாமையை ஒப்புக்கொண்டு, உண்மையைச் சொல்லி, இசைவு பெற்று நடத்தும் சோதனை கொலையாகாது. அறிந்தபின் மறுப்பதே இம்சை. சோதனையை நிறைவு செய்த வெற்று மாத்திரைப் பிரிவினருக்கும் பின்னர் அம்மருந்து வழங்கப்பட்டது.

எனினும், 2024இல் முடிவு வெளியான அகோராமிடிஸ் சோதனையிலும் வெற்று மாத்திரைப் பிரிவு இருந்தது. 632 பேர் பங்குகொண்ட அதில், ஓராண்டு கழிந்தபின்னரே டஃபாமிடிஸைச் சேர்த்துக்கொள்ள இடமளித்தனர். அந்த ஓராண்டு நம் மனத்தை உறுத்தவே செய்கிறது.

ஆகவே, நம் குடும்பத்தார் எவரேனும் சோதனைக்கு அழைக்கப்பட்டால், பயன் தெரிந்த மருந்து முன்பே உள்ளதா, வெற்று மாத்திரை எத்தனைக் காலம் என்று கேட்டறிக. புரியும் மொழியில் விளக்கம் பெறுவதும், வேண்டும்போது விலகுவதும் இந்தியாவின் 2019ஆம் ஆண்டு விதிகள் தரும் உரிமை.

மாணவிக்கு இவ்வாறு எழுதினோம்: “அந்த 177 பேரும் உன் தந்தையின் முகம் அறியாமலே அவருக்கு மருந்துத் தானம் செய்தவர்கள். அவர்களை நன்றியோடு நினைத்து, கூசாமல் கொடு.”