ஜெர்சித் துண்டு

அக்காள் மகன் அட்டைப் பொட்டலத்தைப் பிரிக்கும்போது பேசமாட்டான். பக்கத்தில் யாராவது பேசினாலும் பிடிக்காது. போன தீபாவளி விடுமுறையில் புக்கிட் பாருவில் அக்காள் வீட்டு மேசையில் அப்படி ஒரு பெட்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கால்பந்து ஆட்டக்காரர்களின் படம் போட்ட அட்டைகள். பெட்டி நானூறு வெள்ளி. பகுதி நேர வேலையில் சேர்த்த காசு என்பதால் அக்காள் வாயைத் திறக்கவில்லை; முறுக்குத் தட்டை மட்டும் கொஞ்சம் சத்தமாக வைத்தார்.

ஏழாவது பொட்டலத்தில் தடித்த அட்டை ஒன்று வந்தது. நடுவில் சன்னல் போல ஒரு வெட்டு. அதற்குள் கட்டைவிரல் நகம் அளவுக்கு வெள்ளைத் துணி. "மாமா, இது அவன் போட்ட ஜெர்சி, தெரியுமா?" என்று நீட்டினான். கை லேசாக நடுங்கியது. விரலால் தொட்டுப் பார்த்தேன், துணிதான். திருப்பினேன். பின்பக்கம் பொடி எழுத்தில், உள்ளே இருக்கும் துணி எந்தக் குறிப்பிட்ட ஆட்டத்தையும் நிகழ்ச்சியையும் சேர்ந்ததல்ல என்று போட்டிருந்தது. வாசித்துக் காட்டினேன்.

"எல்லா கார்டுலயும் இப்பல்லாம் அப்படித்தான் போடுவாங்க மாமா" என்றான். அவன் சந்தோஷம் ஒரு இம்மிகூடக் குறையவில்லை. எனக்குத்தான் அன்று இரவு தூக்கம் வரவில்லை. காரணம் அந்த அட்டை அல்ல. எங்கள் வீட்டிலும் ஒரு ஜெர்சி இருந்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

இந்தப் பழக்கம் அமெரிக்க பேஸ்பால் அட்டைகளிலிருந்து வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே சிகரெட் பெட்டிக்குள் ஆட்டக்காரர் படத்தை வைத்து விற்றார்கள். பிறகு சுவிங்கத்தோடு விற்றார்கள். பிறகு அட்டையை மட்டுமே விற்றார்கள். நூறு ஆண்டுக்கு மேல் அது வெறும் படம். 1996இல் கார் பந்தய அட்டை ஒன்றில் பந்தயத்தில் ஓடிய டயரை நறுக்கி ஒட்டினார்கள். மறு ஆண்டு அப்பர் டெக் நிறுவனம் பேஸ்பால் ஆட்டக்காரர்களின் சட்டைத் துண்டுகளை அட்டைக்குள் வைத்துப் பொட்டலங்களில் கலந்துவிட்டது. யாருக்குக் கிடைக்கும் என்று தெரியாது. அதன் பிறகு மட்டை, கையுறை, தொப்பி என்று எதையும் விட்டுவைக்கவில்லை. 2003இல் டான்ரஸ் நிறுவனம் பேப் ரூத் 1925 வாக்கில் அணிந்த சட்டை ஒன்றை ஏலத்தில் 2,64,210 டாலருக்கு வாங்கி, கத்தரியால் துண்டுபோட்டு அட்டைகளுக்குள் வைத்தது. அந்த மனிதருடைய சட்டைகள் உலகத்தில் எஞ்சியிருப்பதே சொற்பம். ரசிகர்கள் பலர் கொதித்துப்போனார்கள். அருங்காட்சியகத்தில் ஒருவரும் தொட முடியாமல் கிடப்பதைவிட ஆயிரக்கணக்கான பேர் கையில் ஆளுக்கொரு துண்டு இருப்பது நல்லதுதானே என்று எதிர்க்கட்சி கேட்டது.

அந்தக் கேள்வியை நான் லேசாக ஒதுக்க விரும்பவில்லை. அதில் ஒரு நியாயம் இருக்கிறது.

பொட்டலத்தைப் பிரிக்கும் அந்தக் கணம் எனக்குப் புதிதல்ல. ஜாசின் பக்கத்துத் தோட்டத்தில் நாங்கள் வளர்ந்தபோது கடையில் 'தீக்காம்' அட்டை தொங்கும். ஐந்து காசு கொடுத்தால் ஒரு மடித்த சீட்டைக் கிழித்துக்கொள்ளலாம். எண் இருந்தால் அதற்குரிய பொம்மையோ பலூனோ கிடைக்கும். பெரிய பரிசு அட்டையின் உச்சியில் கண்ணுக்கு நேரே தொங்கிக்கொண்டிருக்கும். அதை ஜெயித்த பையனை நான் பார்த்ததே இல்லை. அப்பா இதைச் சூதாட்டம் என்பார். அவரே சம்பள நாளில் நாலு நம்பர் எடுக்கப் போவார், அது வேறு கதை. அமெரிக்க அட்டைக் கம்பெனிகள் காசு கட்டாமலும் கடிதம் எழுதிப்போட்டு வாய்ப்பைப் பெறலாம் என்று பொட்டலத்தின் ஓரத்தில் அச்சிடுவது வழக்கம். லாட்டரி என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக. எங்கள் கடைக்காரருக்கு அந்த யோசனை தோன்றவில்லை.

சூதாட்டம் பற்றி நீட்டி எழுத எனக்கு ஆசையில்லை. அது தெரிந்த கதை. எனக்குப் புரியாதது துணி. பரிசாகப் பணத்தை வைத்தால் ஒருவன் ஏன் மூச்சை அடக்குகிறான் என்று புரிகிறது. அரை அங்குலத் துணிக்கு ஏன்?

மலாக்காவில் இதற்குப் பதில் தேட வெகுதூரம் போக வேண்டியதில்லை. செயின்ட் பால் குன்றில் ஏறினால் கூரையில்லாத தேவாலயத்துக்குள் கம்பி வலை போட்ட வெற்றுக் குழி ஒன்று இருக்கிறது. நம் முத்துக்குளித்துறைப் பரதவர்களிடையே வேலை செய்த பிரான்சிஸ் சவேரியாரின் உடல், 1553இல் சில மாதங்கள் அங்கேதான் கிடந்தது. பிறகு கோவாவுக்குக் கொண்டுபோனார்கள். 1614இல் அந்த உடலின் வலது முன்கையை வெட்டி ரோமுக்கு அனுப்பினார்கள். குன்றின் மேல் 1952இல் அவருக்குச் சிலை வைத்தபோது மரம் விழுந்து சிலையின் வலது கை உடைந்தது. இன்றும் கையில்லாமல்தான் நிற்கிறது. சுற்றுலா வழிகாட்டிகள் இதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்துவார்கள். நான் பள்ளிப் பயணத்தில் முதன்முதலில் கேட்டபோது என் கையை நானே தடவிப் பார்த்துக்கொண்டேன்.

கத்தோலிக்க மரபில் புனிதப் பண்டங்களைத் தரம் பிரிப்பார்கள். புனிதரின் உடலே முதல் தரம். அவர் உடுத்தியதும் பயன்படுத்தியதும் இரண்டாம் தரம். அவற்றைத் தொட்டெடுத்த துணி மூன்றாம் தரம். அக்காள் மகனின் அட்டையை இந்தக் கணக்கில் இரண்டாம் தரத்தில் வைக்கலாம். ஆனால் திருச்சபை புனிதப் பண்டத்தை விற்கக் கூடாது என்று விதி வைத்திருக்கிறது. அட்டை உலகத்தில் விற்பதற்காகவேதான் வெட்டுகிறார்கள்.

போலியும் இரண்டு இடத்திலும் உண்டு. 2010க்குப் பிறகு அமெரிக்காவில் சில வியாபாரிகள் கடையில் வாங்கிய புதுச் சட்டைகளை ஆட்டத்தில் அணிந்தவை என்று அட்டைக் கம்பெனிகளுக்கு விற்றதாக நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். 'ஆட்டத்தில் அணிந்தது' என்ற சொல் மெல்ல 'ஆட்டக்காரர் அணிந்தது' என்று ஆனதையும் பார்க்க வேண்டும். புதிய ஆட்டக்காரரை ஒரு அறைக்குள் அழைத்து, சட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக் கழற்றச் சொல்லி, படம் எடுத்து, பிறகு வெட்டுவார்கள். வியர்வைகூடப் பட்டிருக்காது. பொய் இல்லை, அவர் அணிந்ததுதான்.

இதைக் கேட்டுச் சிரித்தவன் நான். சிரித்து முடிப்பதற்குள் பாதுகை நினைவுக்கு வந்தது. வால்மீகியில் பரதன் பொன் வேய்ந்த பாதுகைகளை அண்ணன் முன் வைத்து, இதன் மேல் ஏறுங்கள் என்கிறான். இராமன் ஏறி, இறங்கி, கொடுத்துவிடுகிறான். காட்டில் நடந்து தேய்ந்த செருப்பு அல்ல அது. ஒரு கணம் கால் பட்டது, அவ்வளவே. பதினான்கு ஆண்டு அதுதான் ஆட்சி செய்தது. அப்படியானால் எவ்வளவு நேரம் அணிந்தார் என்பது கேள்வியே இல்லை. கொடுத்தவனுக்கும் வாங்கியவனுக்கும் நடுவில் என்ன இருந்தது என்பதுதான் கேள்வி. பரதன் யாரிடம் கேட்டானோ அவனிடமிருந்தே வாங்கினான். என் மருமகனின் அட்டையில் அந்தக் கொடுத்தல் இல்லை. அந்த ஆட்டக்காரருக்கு மலாக்கா எங்கே என்றே தெரிந்திருக்காது.

இப்போது எங்கள் வீட்டு ஜெர்சி.

அப்பா தோட்டக் கால்பந்துக் குழுவில் இடது பக்கத் தடுப்பாட்டக்காரர். காலையில் பால் வெட்டி, மாலையில் கொட்டகைக்குப் பின்னால் இருந்த திடலில் ஆடுவார்கள். பந்து என்றால் அவருக்கு உயிர். கோல்கீப்பர் ஆர். ஆறுமுகம் 1988இல் சாலை விபத்தில் இறந்தபோது அப்பா இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. செய்தித்தாளில் வந்த படத்தைக் கத்தரித்து சாமிப் படங்களுக்குக் கீழே செருகி வைத்தார். அவர் போனபிறகு பெட்டியைத் திறந்தால் அந்தப் படம், பால் வெட்டும் கத்தி, பச்சை நிற ஜெர்சி ஒன்று. முதுகில் எண் 5. கழுத்துப்பட்டை நைந்து போயிருந்தது.

நாங்கள் மூன்று பேர். அக்காள், நான், ஜோகூர் பாருவில் இருக்கும் தம்பி. கத்தியை நான் எடுத்துக்கொண்டேன், யாரும் கேட்கவில்லை. ஜெர்சியை மூவருமே கேட்டோம். கொஞ்ச நாள் பேச்சுவார்த்தைகூட நின்றுபோனது, ஒரு பழைய துணிக்காக. அக்காள் மகன்தான் வழி சொன்னான். "வெட்டி ஆளுக்கொன்னு பிரேம் போட்டுக்குங்க மாமா. கார்டுல அப்படித்தானே செய்றாங்க."

'துண்டாடல்' என்ற சொல் இந்த நாட்டுத் தமிழர்களுக்கு வேறு மாதிரி கேட்கும். 1950களிலும் 60களிலும் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுப் போனபோது, வாங்கியவர்கள் அவற்றைக் கூறுபோட்டு விற்றார்கள். சிறு முதலாளிகள் பலருக்கு நிலம் கிடைக்கிறது, நல்லதுதானே என்று அப்போதும் சொன்னார்கள். ஆயிரம் ஏக்கருக்கு ஒரு லயமும் பள்ளிக்கூடமும் கோயிலும் மருந்தகமும் இருந்தன. பத்து ஏக்கர் துண்டுக்கு அவை எதுவும் கிடையாது. 1960இல் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது, தொழிலாளி மாதம் பத்து வெள்ளி கட்டித் தோட்டத்தை முழுசாக வாங்கட்டும் என்றுதான். 1967இல் எங்கள் மாநிலத்து புக்கிட் ஆசகான் தோட்டத் தொழிலாளர்கள் கோலாலம்பூருக்கு நடந்தே போனார்கள். அப்பா அந்த நடையைப் பற்றிச் சொல்லும்போது பெருமையாகவும் சொல்வார், கோபமாகவும் சொல்வார்.

அதனால் கத்தரியை எடுத்த அன்று எனக்கு உள்ளூர ஒரு கூச்சம் இருந்தது. ஆனாலும் சம்மதித்தேன். பிரசாதத்தைப் பிட்டுக் கொடுத்தால் குறைகிறதா என்று எனக்கு நானே கேட்டுக்கொண்டேன். இன்றைக்கு யோசித்தால் அந்த ஒப்பீடு தவறு. பிரசாதத்தில் எவரும் எண் போடுவதில்லை. வாங்கியதும் வாயில் போட்டுக்கொள்கிறோம், கணக்கு முடிந்தது. அட்டையில் இருபத்தைந்தில் பன்னிரண்டாவது என்று அச்சிடுகிறார்கள். பகிர்வதற்காக வெட்டுவது வேறு, அரிதாக்குவதற்காக வெட்டுவது வேறு. எல்லோருக்கும் ஒரு துண்டு என்று சொல்பவர்கள் இந்த இரண்டாவதைப் பற்றிப் பேசமாட்டார்கள். எண் உள்ள துண்டு யாருக்கு என்று நாங்கள் மூவரும் சீட்டுக் குலுக்கினோம். தீக்காம்தான். தம்பிக்கு விழுந்தது. என் பங்குக்கு முன்பக்கத்திலிருந்து ஒரு சதுரம், வெறும் பச்சை.

தம்பி அழகான சட்டம் போட்டான். கீழே பித்தளைத் தகட்டில் 'அப்பா அணிந்தது, 1974' என்று எழுதி வைத்திருக்கிறான். குழுப்படத்தின் பின்னால் அந்த ஆண்டுதான் இருக்கிறது. அவன் பிள்ளைகள் பள்ளி ஆட்டத்துக்குப் போகுமுன் அதைத் தொட்டுவிட்டுப் போவார்களாம்.

இந்த ஆண்டு தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் அப்பாவோடு ஆடிய பெரியவர் ஒருவரைப் பார்த்தேன். கண் சரியாகத் தெரியவில்லை, பேச்சு மட்டும் தெளிவு. ஜெர்சி கதையைச் சொன்னேன். அவர் சிரித்தார்.

"அஞ்சாம் நம்பரா? யாருது அது? தோட்டத்துல ஒரு செட்டுதானேப்பா வாங்கிக் கொடுத்தாங்க. ஆட்டம் முடிஞ்சா எல்லாத்தையும் சாக்குல போட்டு வெளுக்கக் கொடுப்போம். அடுத்த வாரம் கைக்கு எது வருதோ அதுதான். ஒங்கப்பன் எட்டு போட்டிருக்கான், பத்து போட்டிருக்கான். அஞ்சு நானும் போட்டிருக்கேன். கடைசியா குழு கலைஞ்சப்ப ஆளுக்கொன்னு வீட்டுக்கு எடுத்துட்டுப் போனோம்."

வீட்டுக்கு வந்து குழுப்படத்தை எடுத்துப் பார்த்தேன். அப்பா பின்வரிசையில் இடமிருந்து இரண்டாவது. எண் முதுகில். எல்லோரும் முன்னால் பார்த்து நிற்கிறார்கள்.

எந்தக் குறிப்பிட்ட ஆட்டக்காரரையும் ஆட்டத்தையும் சேர்ந்ததல்ல. நான் ஏளனமாக வாசித்துக் காட்டிய அதே வரி. ஒரு வித்தியாசம் உண்டு. அட்டைக் கம்பெனி அதை வழக்குக்குப் பயந்து எழுதுகிறது. எங்கள் ஜெர்சி பதினோரு பேருக்கும் பொதுவாக இருந்ததால் அப்படி. அப்பாவும் அணிந்திருப்பார், பிறர் வியர்வையும் அதில் இருக்கும். எனக்கென்னவோ இது இன்னும் பெரிதாகப் படுகிறது. ஆனால் அது எனக்கு. பதினோரு பேருக்குச் சொந்தமானதை மூன்று பேர் வெட்டிக்கொண்டோம் என்பதும் சேர்ந்தே தெரிகிறது. மீதிப் பேரின் பிள்ளைகள் எங்கெங்கே இருக்கிறார்களோ.

தம்பியிடம் சொல்ல வேண்டுமா? உண்மையைத் தெரிந்துகொண்டு மறைத்தால் நானும் அந்த வியாபாரிகளில் ஒருவன்தானே என்று தோன்றுகிறது. நான் எதையும் விற்கவில்லையே என்றும் தோன்றுகிறது. அக்காள் மகனிடம் கேட்டேன். அவன் கொஞ்ச நேரம் யோசித்தான். "சொல்லிடுங்க மாமா. ஆனா தகட்டை மாத்தச் சொல்லாதீங்க" என்றான்.

அவன் அந்த வெள்ளைத் துணி அட்டையை விற்றுவிட்டான். இன்னொரு பெட்டி வாங்கியிருக்கிறான். தம்பி ஆகஸ்டு விடுமுறைக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறான். குழுப்படத்தை மேசை இழுப்பறையில் எடுத்து வைத்திருக்கிறேன், என் பச்சைச் சதுரத்தோடு.