சராசரி காட்டாத பிள்ளை

பீடோங் பக்கம் ஒரு தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். போன வருஷச் சோதனையில் ஐந்து பிள்ளைகளின் புள்ளிகள்: 95, 90, 88, 20, 17. “சராசரி 62, நல்ல முன்னேற்றம்”னு அறிக்கை கொடுத்தேன். கூட்டத்தில் கைதட்டினார்கள். 17 வாங்கிய தம்பி அடுத்த மாதமே நின்றுவிட்டான்.

கணக்கு சரிதான். ஆனால் நான் சொன்னது உண்மையா?

2022-இல் மலேசியக் குடும்பங்களின் சராசரி மாத வருமானம் 8,479 ரிங்கிட். வருமானப்படி வரிசையாக நிறுத்தினால் நடுவில் நிற்கும் குடும்பத்துக்கு 6,338 ரிங்கிட்தான். அதிகம் வாங்குகிறவர்கள் சராசரியை மேலே இழுத்துவிடுகிறார்கள். சரி, நடு எண்ணைப் பார்த்தால் போதுமா? என் வகுப்பில் அது 88. அதுவும் அந்தத் தம்பியை மறைக்கிறது! ஒரே எண்ணை வைத்து யாரையும் அளக்க முடியாது. மேலே எவ்வளவு, கீழே எவ்வளவு என்றும் பார்க்கணும்.

மகாபாரதத்தில் இருதுபர்ண மன்னன் தான்றி மரத்தைப் பார்த்தே இலையும் காயும் எத்தனை என்று சொல்கிறான். தேரோட்டியாக இருந்த நளன் அப்படியே நம்பவில்லை. தேரை நிறுத்தி, எண்ணிப் பார்த்த பிறகுதான் அந்த வித்தையைக் கேட்டுக் கற்றான்.

நான் தேரை நிறுத்தவே இல்லை. போன வாரம்தான் தம்பி வீட்டுக்குப் போனேன். “நான் வரலைன்னு யாரும் கேக்கலையே அண்ணே” என்றான்.

தம்பி தங்கைகளே, புள்ளியியல் படியுங்கள். எண்ணை எழுதுமுன் கடைசியில் நிற்பவர் யார் என்று பாருங்கள். பொய் சொல்லாதது மட்டும் சத்தியம் ஆகாது.