நேரங் கடந்த உழைப்பும் உடனுழைப்பாரும்

கந்தோர்களிலும் பாடசாலைகளிலும் தொழில்புரிவார் பலர், குறித்த நேரங் கழிந்த பின்னும் இருக்கைவிட்டு எழாதிருத்தலை ஒரு நற்குணமாகப் பாராட்டுதல் வழக்கமாயிற்று. “எனது பொழுதை யான் கொடுக்கின்றேன், இதனால் யாருக்கு என்ன தீங்கு?” என்பது அவர் கூற்று. இக்கூற்றுப் பொருந்துமோ என்பதே ஈண்டு யாம் ஆராயப் புகுந்தது.

தேர்த் திருவிழாவிலே வீதியில் நிற்குஞ் சனக்கூட்டத்தை நோக்குக. முன்னிற்பார் ஒருவர் நன்றாகக் காணும்பொருட்டுக் கால்விரலூன்றி எழும்புகின்றார். பின்னிற்பார்க்கு மறைப்பு உண்டாதலின் அவரும் எழும்புகின்றார். அவர்க்குப் பின்னுள்ளாரும் அங்ஙனமே. சிறிது பொழுதிற் கூட்டம் முழுவதும் விரல்நுனியில் நிற்கும். பின்னிற்பாருள் ஒருவரேனும் முன்னையினும் நன்றாகக் கண்டாரோ எனின், இல்லை. கால்நோவு மாத்திரம் எல்லார்க்கும் பொதுவாயிற்று. முதலில் எழும்பினவர் தங்காலையன்றிப் பிறர் காலையும் அவர்தஞ் சம்மதங் கேளாமலே வருத்தினாரன்றோ?

இஃது உவமையளவில் நில்லாது உண்மையாய் நிகழ்தற்கு யப்பான் தேசஞ் சான்று. மிகையுழைப்பினால் நேரும் மரணத்தைக் குறிக்க அங்கே ‘கரோஷி’ என ஒரு சொல்லே தோன்றி நிலைபெற்றது. அதனைத் தடுக்கும் முயற்சிகளுக்கென 2014 ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. 2018 இல் இயற்றிய மற்றொரு சட்டம், மேலதிக வேலையை மாதத்துக்கு 45 மணி, வருடத்துக்கு 360 மணி எனப் பொதுவாக வரையறுத்து, விசேட காலத்திலும் ஒரு மாதத்தில் 100 மணியை எட்டலாகாது என விதித்தது. அதன்கண் எம் உள்ளத்தைப் பெரிதுங் கவர்ந்தது வேறொரு விதி. வருடத்துக்குப் பத்து நாளாயினுஞ் சம்பளத்தோடு லீவு பெறும் உரிமையுடைய தொழிலாளி, அவற்றுள் ஐந்து நாளையேனும் எடுக்கும்படி செய்தல் முதலாளியின் கடமை என்பதே அது. 2019 ஏப்பிரல் முதல் நடைமுறைக்கு வந்தது. தனக்கு உரிமையான ஓய்வை ஒருவன் ஏன் எடாதிருத்தல் வேண்டும்? அயலிருக்கைக்காரன் எடுக்கவில்லை, தான் எடுத்தால் அவன்மேற் சுமை ஏறும், தன்மேற் சோம்பேறியென்னும் பெயர் ஏறும். இவ்வச்சம் தடுத்தபடியாற்போலும், உரிமையாய்க் கிடந்ததைச் சட்டம் கடமையாக்க நேர்ந்தது.

நம் இலங்கையிலும் 1954 ஆம் ஆண்டுச் சட்டம் கடை, கந்தோர் ஊழியர்க்கு நாளொன்றுக்கு 8 மணி, வாரத்துக்கு 45 மணி என வரையறுத்துளது. மேலதிகாரி எழுமுன் எழுந்துபோகக் கூசும் எழுதுவினைஞருக்கு அச்சட்டம் என்செய்யும்?

“தொழிலின்மேல் வைத்த அன்பினால் நெடுநேரம் உழைப்பாரும் உளரே, அவரையுங் குறைகூறுவீரோ?” எனின், கூறேம். பிள்ளைப்பேற்றுக்கு உதவும் மருத்துவிச்சி மணிபார்த்து எழுதல் கூடுமோ? காண்பாரும் ஒப்பிடுவாரும் இல்லாவிடத்தும் நிகழுமாயின் அவ்வுழைப்பு அன்பின்பாற்படும். காண்பார் இல்லாதபோது ஒழியுமாயின் அழுக்காற்றின் வேறுருவமேயாம். ஆயினும் ஒரு சங்கடம் உண்டு. அதனை மறைத்தல் நேர்மையன்று. அன்பினால் உழைப்பவரது உழைப்பும் மேலதிகாரி கையிலே பிறரை அளக்கும் முழக்கோலாகிவிடுகின்றது. ஆதலின், “என்னைக் கொண்டு இவரை அளவாதீர்” என்று வாய்திறந்து சொல்லுங் கடப்பாடு அவர்க்கு மிகுதியாக உண்டு. அளப்பவர் குற்றமோ போட்டியிடுவார் குற்றத்தினும் பெரிது.

பிறரைக் குறித்தே பேசிக்கொண்டு போதல் எமக்குத் தகாது. யாம் ஒரு பாடசாலையிற் படிப்பித்த காலத்தில், ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசிற் பரீட்சையை முன்னிட்டுச் சனிக்கிழமை வகுப்பொன்று தொடங்கினோம். மற்றப் பிரிவை நடத்திய ஆசிரியர் அடுத்த மாதமே ஞாயிற்றுக்கிழமையிலும் வகுப்பு வைத்தார். யாம் விடியற்காலை ஆறு மணிக்குப் பிள்ளைகளை அழைத்தோம். பெறுபேறு வந்தபோது இரு பிரிவுக்கும் பெரிய வேற்றுமை இருக்கவில்லை. முன்வாங்கிலிருந்து நித்திரை தூங்கிய பிள்ளைகளின் முகங்களோ இன்றும் எங் கண்முன் நிற்கின்றன.

ஒரு மாலை, சைக்கிளை உருட்டிக்கொண்டு எம் படலைவரை உடன்வந்த அவ்வாசிரியர், “அண்ணை, எனக்கும் இளைப்புத்தான். நீங்கள் விட்டால் நானும் விடுவேன். நீங்கள் விடாமல் நான் எப்படி விடுவது?” என்றார். எம்மினும் இளையவர் அவர். முதலிற் கேட்டிருக்க வேண்டியவர் யாம். அடுத்த தவணை தொடங்கியதும் இருவருமாகத் தலைமையாசிரியரிடஞ் சென்று, சனி காலையில் மாத்திரம் இரு பிரிவையும் ஒருங்கு சேர்த்து மாறிமாறிப் படிப்பிப்போம் என்று தெரிவித்தோம். அவர் முகஞ்சுளித்தார், பெற்றோர் சிலர் அயற் பாடசாலையைச் சுட்டிப் பேசினர். ஞாயிற்றுக்கிழமை எமக்கு மீண்டது. பிள்ளைகளுட் சிலர்க்கு மீளவில்லை, அவர்தம் பெற்றோர் வேறிடத்தில் வகுப்புத் தேடிக்கொண்டமையால்.