லீலா ரஸம்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:



வயது ஏற ஏற விளையாட்டு குறையவேண்டும் என்று நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். பேரன் கையைப் பிடித்து இழுத்தால், "வேலை இருக்கிறது, போ" என்கிறோம். உறியடி வீதியில் மஞ்சள் நீர் மேலே தெறித்தால் முகம் சுளிக்கிறோம். இது விவேகமா? அல்லது 'நான் பெரியவன்' என்னும் அஹங்காரமா? சற்றே சிந்திப்போம்.

எம்பெருமான் அவாப்த ஸமஸ்த காமன். அவனுக்குப் பெறவேண்டிய பேறு ஒன்றுமில்லை. ஆயினும் உலகைப் படைக்கிறான். ஏன்? லீலையே பிரயோஜனம் என்பது பிரஹ்ம ஸூத்ரத்தின் முடிவு. ஸ்ரீபாஷ்யகாரர் இதற்கு, பூமண்டலத்தை ஆளும் பேரரசனும் பந்தாடுவதை த்ருஷ்டாந்தமாகக் காட்டியருளினார். குறையுள்ளவன்தான் ஆடுவான் என்பதில்லை, நிறைவுள்ளவனும் ஆடுகிறான்.

பெரியாழ்வாரைப் பாருங்கள். பாண்டியன் ஸபையில் பரதத்துவ நிர்ணயம் செய்து பொற்கிழி பெற்றவர். அவரே யசோதையின் நிலையில் நின்று அம்புலியை அழைக்கிறார். சப்பாணி கொட்டச் சொல்கிறார். கண்ணன் அப்பூச்சி காட்டுகிறான் என்று அஞ்சுகிறார். வித்வான்களை வென்ற நாவு குழந்தையோடு குழந்தையாயிற்று. அதனால் அவர் பெருமை குறைந்ததா? 'பெரிய' ஆழ்வார் என்றல்லவோ உலகம் அவரை அழைக்கிறது!

1017-ஆம் ஆண்டில் ஸ்ரீபெரும்பூதூரில் அவதரித்த எம்பெருமானாரைப் பற்றியும் ஓர் ஐதிஹ்யம் உண்டு. அவர் பிக்ஷைக்கு எழுந்தருளிய வீதியில் சிறுவர்கள் மண்ணிலே கோயில் வரைந்து, பெருமாளை எழுந்தருளப்பண்ணி, மண்ணையே பிரஸாதமாக நிவேதித்து விளையாடிக்கொண்டிருந்தனர். "பிரஸாதம் பெற்றுக்கொள்ளும்" என்று அவரையும் அழைத்தனர். 74 ஸிம்ஹாஸனாதிபதிகளை நியமித்த அந்த மஹாசார்யர் நகைக்கவில்லை, ஒதுங்கிப் போகவுமில்லை. தெருவிலே தண்டனிட்டு, அந்த மண்ணைப் பயபக்தியுடன் ஏற்றார். பிள்ளைகளின் விளையாட்டில் அவர் மெய்யான பெருமாளையே ஸேவித்தார்.

ஒன்றை மறவாதிருப்போம். பிறர் மனம் நோகச் செய்யும் பரிஹாஸம் விளையாட்டாகாது. அது அபசாரத்திலே முடியும். தன் பெருமையை மறப்பதே விளையாட்டு. பிறர் பெருமையை அழிப்பதன்று.

துக்கமும் கடமையும் நிறைந்த ஸம்ஸாரத்திலே, 'நானே எல்லாம் நடத்துகிறேன்' என்ற சுமை நம்மை அழுத்துகிறது. ஒரு நாழிகை குழந்தையோடு ஆடுகிறவன் அந்தச் சுமையை இறக்கி வைக்கிறான். பாரத்தை அவனிடம் விட்டவனுக்கு முகத்திலே சிரிப்பு வருவது இயல்பன்றோ?

ஆதலால், ஸேவித்துத் திரும்பும் வழியிலே ஒரு சிறு பிள்ளை மண்ணைக் குவித்து "பிரஸாதம்" என்று நீட்டினால், அன்பர்களே, விலகிச் செல்லாதீர். குனிந்து இரு கையாலும் ஏற்பீராக.

எம்பெருமானார் திருவடிகளே சரணம்.